ரிச்சர்ட் ஷோப்

ரிச்சர்ட் எட்வின் ஷோப் (டிசம்பர் 25, 1901 – அக்டோபர் 2, 1966) ஓர் அமெரிக்க மருத்துவரும் தீநுண்மியியல் அறிஞரும் ஆவார். பாலூட்டிகளைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா நோய்க்கு ஒரு தீநுண்மி (வைரசு) காரணமாக இருப்பதை 1931 ஆம் ஆண்டில் பன்றிகளில் செய்த சோதனைகளின் மூலம் நிறுவியவர் இவரே. மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா தீநுண்மி 1933 இல் இலண்டனில் பிரித்தெடுக்கப்படுவதற்கு இவரது ஆய்வு வழிகாட்டியாக அமைந்தது. 1918 ஆம் ஆண்டின் உலகளாவிய கொள்ளைநோயை உண்டாக்கிய தீநுண்மியின் வழித்தோன்றல் பன்றிகளிடையே உயிர்வாழ்கிறது என்ற கருத்தை முன்வைத்தவர்களுள் இவரும் ஒருவர். முயல்களில் கட்டிகளை உண்டாக்கும் இரண்டு தீநுண்மிகளையும் இவர் கண்டறிந்தார். அவை இன்றும் இவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றன. விலங்குகளில் இயற்கையாகத் தோன்றும் நோய்களைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் வழியாக மனித நோய்களை விளங்கிக்கொள்ளும் ஆய்வு முறைக்கு இவரது வாழ்நாள் பணி ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஷோப் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டெ மொயின் நகரில் பிறந்தார். இவரது தந்தை மருத்துவத் தொழில் புரிந்ததோடு பண்ணையும் வைத்திருந்தார். அயோவா மாநிலம் மக்காச்சோளத்திற்கும் பன்றி வளர்ப்பிற்கும் பெயர் பெற்றது. ஆதலால் பன்றிகளையும் அவற்றுக்கு வரும் நோய்களையும் ஷோப் சிறுவயது முதலே அறிந்திருந்தார். வேட்டையாடுவதிலும் மீன் பிடிப்பதிலும் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. பிற்காலத்தில் இவர் செய்த கண்டுபிடிப்புகள் சிலவற்றுக்கு இந்த ஈடுபாடே காரணமாயிற்று.

முதலில் காட்டியல் படிக்கவே இவர் விரும்பினார். எனினும் பின்னர் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1924 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலில் இறங்காமல், அதே பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மருந்தியல் கற்பித்தார். 1925 இல் ராக்கஃபெல்லர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார்.

பிரின்ஸ்டன் ஆய்வகம்

ராக்கஃபெல்லர் கழகத்தின் தலைமையிடம் நியூயார்க் நகரில் இருந்தது. விலங்கு நோய்களை ஆராய்வதற்கென நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் அது ஒரு தனிப் பிரிவை நடத்தி வந்தது. மாடு, பன்றி முதலிய பெரிய விலங்குகளைத் தனித்தனிக் கொட்டில்களில் அடைத்து ஆய்வு செய்யும் வசதி அங்கே இருந்தது. புகழ்பெற்ற நுண்ணுயிரியல் அறிஞரான தியோபால்ட் சிமித் அப்பிரிவின் இயக்குநராக விளங்கினார்.

ஷோப் அங்கே பால் லூயிஸ் என்பவரின் கீழ் பணியில் அமர்த்தப்பட்டார். இளம்பிள்ளை வாதம் வடிகட்டியில் தங்காத ஒரு நுண்மியால் உண்டாகிறது என்பதைச் சைமன் ஃபிளெக்ஸ்னருடன் சேர்ந்து 1909 இல் காட்டியவர் லூயிஸ். தொடக்கத்தில் இருவரும் காசநோய் குறித்து ஆராய்ந்தனர்.

பன்றி இன்ஃபுளுவென்சா

பின்னணி

1918 ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் உலகம் முழுவதும் பல கோடி மக்களைக் கொன்றது. அதன் காரணி எது என்பது அப்போது தெரியவில்லை. ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற செருமானிய அறிஞர் 1892 இல் இன்ஃபுளுவென்சா நோயாளிகளின் சளியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதுவே நோய்க்காரணி என அறிவித்திருந்தார். 1918 இல் அந்தப் பாக்டீரியா பல நோயாளிகளிடம் காணப்பட்டது. வேறு பலரிடம் காணப்படவில்லை. காரணி பாக்டீரியாவா, அதனினும் நுண்ணிய வேறொன்றா என்ற வினாவுக்கு அடுத்த பத்தாண்டுகளில் விடை கிடைக்கவில்லை. மனித இன்ஃபுளுவென்சாவை அப்படியே ஏற்று நோயுறும் ஒரு விலங்கு கிடைக்காததே அதற்கு முதன்மையான தடையாக இருந்தது.

அதே 1918 இன் இலையுதிர் காலத்தில் அயோவாவிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் பன்றிகளிடையே ஒரு புதிய நோய் பரவியது. பன்றிகளுக்குத் திடீரெனக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் தோன்றின. மந்தை முழுவதும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டது. பெரும்பாலான பன்றிகள் ஒரு வாரத்திற்குள் எழுந்து நடமாடின. இறந்தவை சிலவே. அரசின் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்த கோயன் என்னும் கால்நடை மருத்துவர், பண்ணைக் குடும்பங்களில் மனிதருக்கும் பன்றிகளுக்கும் ஒரே வேளையில் நோய் வருவதைக் கவனித்து, இரண்டும் ஒரே நோய் என்று கூறினார். பன்றிகளின் நோய்க்கும் "ஃபுளூ" என்றே பெயரிட்டார். பன்றி இறைச்சியை மக்கள் வாங்காமல் போய்விடுவர் என்று அஞ்சிய வளர்ப்போர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் கோயன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நோயுற்ற பன்றியின் மூச்சுக்குழாய்ச் சளியை நலமான பன்றியின் மூக்கில் இட்டால் நோய் தொற்றும் என்பதைக் கால்நடைத் துறை அறிஞர்கள் 1928 இல் வெளியிட்டனர். ஆனால் அந்தச் சளியை நுண்வடிகட்டியில் வடித்துக் கொடுத்தபோது நோய் தொற்றவில்லை என அவர்கள் முடிவு கண்டிருந்தனர்.

அயோவா பயணமும் லூயிசின் மரணமும்

1928 ஆம் ஆண்டில் பன்றிக் காலரா என்னும் நோயை ஆராய்வதற்காக ஷோப் அயோவாவுக்குச் சென்றார். அந்த இலையுதிர் காலத்தில் பன்றி இன்ஃபுளுவென்சாவை நேரில் கண்டு, நோயுற்ற பன்றிகளின் நுரையீரல் பகுதிகளையும் சளியையும் பிரின்ஸ்டனுக்குக் கொண்டு வந்தார். அவற்றிலிருந்து ஷோப்பும் லூயிசும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். தோற்றத்திலும் வளரும் தன்மையிலும் அது ஃபைஃபர் கண்ட பாக்டீரியாவைப் பெரிதும் ஒத்திருந்தது. அதற்கு ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா சூயிஸ் என்று பெயரிட்டனர். நோயுற்ற பன்றிகளில் இது தொடர்ந்து காணப்பட்டதால், காரணி கிடைத்துவிட்டது என்று எண்ணுவதற்கு இடம் இருந்தது.

1929 இல் லூயிஸ் மஞ்சள் காய்ச்சலை ஆராய்வதற்காகப் பிரேசில் நாட்டின் பாகியா நகருக்குச் சென்றார். அங்கே அந்நோயே அவரைத் தொற்றி, அதே ஆண்டு சூன் மாதத்தில் அவர் உயிரிழந்தார். பாக்டீரியாவைப் பற்றிய கட்டுரை 1931 இல் வெளிவந்தபோது லூயிசின் பெயரே அதில் முதலாவதாக இடம்பெற்றது. எஞ்சிய பணி இருபத்தேழு வயதே நிரம்பியிருந்த ஷோப்பின் பொறுப்பாயிற்று.

வடிகட்டிச் சோதனைகள்

ஷோப் செய்த சோதனைகள் அமைப்பில் எளியவை. பிரித்தெடுத்த பாக்டீரியாவைத் தனியாக வளர்த்து நலமான பன்றிகளின் மூக்கில் இட்டார். பன்றிகளுக்கு நோய் வரவில்லை. எவ்வளவு நம்பிக்கையூட்டும் சான்றாகத் தோன்றினாலும், பாக்டீரியா மட்டும் காரணியன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து, நோயுற்ற பன்றிகளின் நுரையீரலை அரைத்து உப்புக் கரைசலில் கலந்து, பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியில் வடித்தார். தெளிந்த நீர்மத்தை நலமான பன்றிகளின் மூக்கில் இட்டார். முன்னர் இதே சோதனையைச் செய்தவர்கள் பயன் இல்லை என்று கைவிட்டிருந்தனர். ஷோப் பன்றிகளை மிக உன்னிப்பாகக் கவனித்தார். அவற்றுக்குக் கடுமையான நோய் வரவில்லை. ஆனால் சில நாட்கள் தீனியில் நாட்டம் குறைந்தது. சிறிது சோர்வும் மெல்லிய இருமலும் காணப்பட்டன. இந்த மெல்லிய நோய் ஒரு பன்றியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றவும் செய்தது. பண்ணையில் வளர்ந்த ஒருவருக்கு, தீனி உண்ணாமல் ஒதுங்கி நிற்கும் பன்றி நலமான பன்றியன்று என்பது தெரிந்திருந்தது.

மூன்றாவதாக, வடிநீரையும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தார். பண்ணைகளில் கண்ட கடுமையான இன்ஃபுளுவென்சா அப்படியே தோன்றியது. ஆகவே வடிகட்டியைக் கடந்து செல்லும் ஒரு தீநுண்மியும் பாக்டீரியாவும் கூட்டாகச் செயல்பட்டே முழு நோயை உண்டாக்குகின்றன என்று ஷோப் முடிவு செய்தார். இவற்றுள் தீநுண்மியே அடிப்படை என்பதற்கு மேலும் ஒரு சான்று கிடைத்தது. வடிநீரால் மெல்லிய நோய் கண்டு தேறிய பன்றிகளுக்குப் பின்னர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் நோய் வரவில்லை. அவை நோய் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தன.

இம்முடிவுகள் 1931 ஆம் ஆண்டில் செய்முறை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் மூன்று தொடர் கட்டுரைகளாக வெளியாயின. தீநுண்மியைப் பன்றியின் தசையில் ஊசி மூலம் செலுத்தினால் நோய் வராமல் எதிர்ப்பாற்றல் மட்டும் உண்டாகிறது என்பதையும் ஷோப் அடுத்த ஆண்டில் காட்டினார். தீநுண்மித் தாக்குதலுக்குப் பின் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டு நுரையீரல் அழற்சியைக் கடுமையாக்கும் என்ற கருத்துக்கு இவரது பன்றிகள் தெளிவான சோதனைச் சான்றை வழங்கின. 1918 இல் இறந்தவர்களுள் பெரும்பாலோர் பாக்டீரியா நுரையீரல் அழற்சியாலும் தாக்கப்பட்டிருந்தனர் என்பதைப் பிற்காலத் திசு ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

ஃபெரெட்டுகளும் மனித இன்ஃபுளுவென்சாவும்

ஷோப்பின் கட்டுரைகள் பிரித்தானியாவின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வில்சன் சிமித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோரின் கவனத்தை ஈர்த்தன. 1933 இன் தொடக்கத்தில் இலண்டனில் இன்ஃபுளுவென்சா பரவியது. நோயுற்றவர்களுள் ஆண்ட்ரூசும் ஒருவர். அவர் தொண்டையைக் கொப்பளித்த நீரை வடிகட்டி, பலவகை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவற்றுள் ஃபெரெட் என்னும் சிறிய ஊனுண்ணி விலங்கு மட்டும் நோயுற்றது. கீரியைப் போன்ற நீண்ட உடலுடைய இந்த விலங்கை, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயை ஆராய்வதற்காக லெய்ட்லா முன்னரே வளர்த்து வந்தார். எனவே அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நோயுற்ற ஃபெரெட்டுகளுக்கு மனிதரைப் போலவே காய்ச்சலும் மூக்கொழுகலும் தும்மலும் காணப்பட்டன. அவ்வாறு நோயுற்ற ஃபெரெட் ஒன்று வில்சன் சிமித்தின் முகத்தில் தும்மியதால் அவருக்கும் இன்ஃபுளுவென்சா வந்தது. அவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தீநுண்மி அவரது பெயரின் முதலெழுத்துகளால் இன்றும் குறிக்கப்படுகிறது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்று திரும்பிய இந்நிகழ்வு, ஃபெரெட்டில் இருந்தது மனித இன்ஃபுளுவென்சாவே என்பதற்கு எதிர்பாராத சான்றாயிற்று.

ஷோப்பின் பன்றித் தீநுண்மியும் ஃபெரெட்டுகளைத் தாக்குவது விரைவில் தெரியவந்தது. மனிதத் தீநுண்மியும் பன்றித் தீநுண்மியும் நெருங்கிய உறவுடையவை என்பதைச் சீரம் சோதனைகள் காட்டின. இந்த ஒத்துழைப்பின் வழியே ஷோப்புக்கும் ஆண்ட்ரூசுக்கும் இடையே வாழ்நாள் நட்பு உருவானது. ஷோப்பின் மறைவுக்குப் பின் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்திற்காக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் ஆண்ட்ரூசே ஆவார்.

1934 இல் ஃபெரெட்டுகளில் பழக்கப்பட்ட தீநுண்மியை வெள்ளெலிகளிலும் வளர்க்க இயலும் என்பது கண்டறியப்பட்டது. எலிகள் மலிவானவை, ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் பயன்படுத்தத்தக்கவை. பன்றியில் தொடங்கி ஃபெரெட், எலி, பின்னர் கருவுற்ற கோழிமுட்டை என ஒரு சில ஆண்டுகளில் இன்ஃபுளுவென்சா ஆய்வுக்குத் தேவையான விலங்கு மாதிரிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. 1940களில் உருவான இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகள் இந்த வளர்ச்சியின் பயனே ஆகும்.

1918 கொள்ளைநோய் பற்றிய கருத்து

பன்றி இன்ஃபுளுவென்சா 1918 இல் தோன்றிய புதிய நோய் என்பதைப் பண்ணை உரிமையாளர்களும் கால்நடை மருத்துவர்களும் கூறி வந்தனர். அது மனிதரிடமிருந்து பன்றிகளுக்குச் சென்றிருக்கக்கூடுமா என்பதை ஆராய ஷோப் வெவ்வேறு வயதினரின் குருதியிலிருந்து பெறப்பட்ட சீரத்தைச் சேகரித்தார். ஒவ்வொரு சீரத்தையும் பன்றித் தீநுண்மியுடன் கலந்து எலிகளின் மூக்கில் இட்டார். சீரத்தில் தகுந்த பிறபொருளெதிரிகள் இருந்தால் எலி பிழைக்கும். இல்லையேல் நுரையீரல் அழற்சி கண்டு இறக்கும்.

1936 இல் வெளியான முடிவுகள் வியப்பளித்தன. பெரியவர்களுள் மிகப் பலரின் சீரம் பன்றித் தீநுண்மியைச் செயலிழக்கச் செய்தது. ஏறத்தாழ பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களின் சீரத்தில் அந்த ஆற்றல் பெரும்பாலும் இல்லை. பன்றிகளுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத நகரவாசிகளிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. எனவே பெரியவர்கள் ஒரு காலத்தில் பன்றித் தீநுண்மிக்கு மிக நெருங்கிய ஒரு மனிதத் தீநுண்மியின் தாக்குதலுக்கு ஆளாகியிருக்க வேண்டும் என்றும், அது 1918 ஆம் ஆண்டின் தீநுண்மியாகவே இருக்கக்கூடும் என்றும் ஷோப் கருதினார். லெய்ட்லாவும் இதே காலத்தில் இக்கருத்தைத் தெரிவித்திருந்தார். மனித இன்ஃபுளுவென்சாவால் பலமுறை தாக்கப்பட்டவரின் சீரம் பன்றித் தீநுண்மியையும் தடுக்கக்கூடும் என்பது மறுதரப்பின் வாதம். 1918 இன் தீநுண்மி எவரிடமும் இல்லாததால் இவ்வாதம் அறுபது ஆண்டுகள் தீராமல் இருந்தது.

இவ்வினாவின் பிற்கால வரலாறு ஷோப் பயின்ற அயோவா பல்கலைக்கழகத்துடன் மீண்டும் தொடர்புடையதாயிற்று. அங்கே ஆய்வு மாணவராக இருந்த யோகான் ஹல்டின் 1951 இல் அலாஸ்காவில் 1918 இல் இறந்தவர்களின் உறைநிலப் புதைகுழியைத் தோண்டி நுரையீரல் திசுக்களைக் கொண்டு வந்து ஃபெரெட்டுகளிலும் முட்டைகளிலும் சோதித்தார். உயிருள்ள தீநுண்மி கிடைக்கவில்லை. 1997 இல் அவர் அதே இடத்திற்கு மீண்டும் சென்று எடுத்துவந்த திசுவும், அமெரிக்கப் படையினரின் பழைய நோயியல் மாதிரிகளும் ஜெஃப்ரி டாபன்பர்கர் குழுவினருக்குப் பயன்பட்டன. அவர்கள் தீநுண்மியின் மரபணுக்களைப் படித்தறிந்தனர். 1918 இன் தீநுண்மி இன்று எச்1என்1 என அழைக்கப்படும் வகையைச் சார்ந்தது என்றும், ஷோப் 1930 இல் அயோவாப் பன்றிகளிலிருந்து பிரித்த தீநுண்மி அதன் நெருங்கிய உறவினது என்றும் தெளிவாயிற்று. 2005 இல் அந்தத் தீநுண்மி ஆய்வகத்தில் மறு உருவாக்கம் செய்யப்பட்டு எலிகளில் சோதிக்கப்பட்டது. அது எலிகளைக் கடுமையாகத் தாக்கிக் கொன்றது.

நுரையீரல் புழுக் கருதுகோள்

பன்றி இன்ஃபுளுவென்சா ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பல பண்ணைகளில் ஒரே சமயத்தில் தோன்றிப் பின் மறைந்தது. இடைப்பட்ட மாதங்களில் தீநுண்மி எங்கே இருக்கிறது என்ற வினாவுக்கு விடை காண ஷோப் பல ஆண்டுகள் உழைத்தார். பன்றிகளின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் மீது இவரது ஐயம் சென்றது. இப்புழுவின் முட்டைகள் பன்றியின் சாணத்தில் வெளியேறி, மண்புழுக்களால் உண்ணப்படுகின்றன. மண்புழுவின் உடலில் இளம்புழுக்களாகி நீண்ட காலம் தங்குகின்றன. மண்ணைக் கிளறி மண்புழுவை உண்ணும் பன்றியின் நுரையீரலை அவை மீண்டும் அடைகின்றன.

நோயுற்ற பன்றியிலிருந்து வந்த நுரையீரல் புழுக்கள் தீநுண்மியை மறைந்த நிலையில் தாங்கிச் செல்கின்றன என்றும், குளிர், பாக்டீரியாத் தாக்குதல் முதலிய தூண்டுதல்களால் அது வெளிப்பட்டு நோயை உண்டாக்குகிறது என்றும் 1941 முதல் வெளிவந்த கட்டுரைகளில் இவர் எழுதினார். இத்தகைய மண்புழுக்களை உண்ட பன்றிகளுக்குப் பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்தியபோது சிலவற்றுக்கு இன்ஃபுளுவென்சா வந்தது. ஆனால் புழுக்களில் தீநுண்மி இருப்பதை நேரடியாக ஒருபோதும் காட்ட இயலவில்லை. பிறர் இச்சோதனைகளைத் திரும்பச் செய்தபோது உறுதியான முடிவுகள் கிடைக்கவில்லை. பன்றி இன்ஃபுளுவென்சா ஆண்டு முழுவதும் மந்தைகளில் பன்றிக்குப் பன்றி தொற்றி நிலைத்திருக்கிறது என்பது பின்னர் அறியப்பட்டது. ஆதலால் இக்கருதுகோள் இன்று ஏற்கப்படுவதில்லை. புதிய நோய்கள் தாக்கும் காலங்களுக்கு இடையே எங்கே ஒளிந்திருக்கின்றன என்ற வினாவை இவ்வளவு விரிவாகச் சோதனைக்கு உட்படுத்திய தொடக்ககால முயற்சி என்ற வகையில் அது நினைவுகூரப்படுகிறது.

முயல்களின் கட்டி நோய்கள்

1932 இல் பிரின்ஸ்டன் அருகே பிடிபட்ட ஒரு காட்டு முயலின் தோலுக்கடியில் கட்டிகள் இருப்பதை ஷோப் கண்டார். கட்டியின் வடிநீரைச் செலுத்தினால் மற்ற முயல்களிலும் கட்டி உண்டாவதைக் காட்டினார். இதன் காரணியே ஷோப் நார்க்கட்டித் தீநுண்மி எனப்படுகிறது. இக்கட்டி தானாகவே கரைந்துவிடும். அதிலிருந்து தேறிய முயல்கள், வீட்டு முயல்களைக் கொல்லும் மிக்சோமா நோயிலிருந்தும் பாதுகாப்புப் பெறுகின்றன. இதனால் இத்தீநுண்மி பின்னர் வளர்ப்பு முயல்களுக்குத் தடுப்பு மருந்தாகவும் பயன்பட்டது.

அயோவா, கான்சஸ் பகுதி வேட்டைக்காரர்கள் தலையில் கொம்பு முளைத்த முயல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஷோப் அத்தகைய முயல்களை வரவழைத்து ஆராய்ந்தார். கொம்புகள் எனப்பட்டவை உண்மையில் மிகப் பெரிய கரிய மருக்கள் என்றும், அவை ஒரு தீநுண்மியால் உண்டாகின்றன என்றும் 1933 இல் வெளியிட்டார். காட்டு முயலின் மருவிலிருந்து தீநுண்மி எளிதில் கிடைத்தது. வீட்டு முயலில் மரு வளர்ந்தாலும் அதிலிருந்து பெரும்பாலும் தீநுண்மியை மீட்க இயலவில்லை. தீநுண்மி மறைந்து இருக்கக்கூடும் என்ற எண்ணம் இவருக்கு ஏற்பட இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஷோப் இந்தத் தீநுண்மியைத் தம் சக ஆய்வாளர் பெய்ட்டன் ரூசிடம் வழங்கினார். வீட்டு முயல்களில் இம்மருக்கள் புற்றுநோயாக மாறுவதை ரூசும் அவரது குழுவினரும் காட்டினர். பாலூட்டிகளில் தீநுண்மியால் புற்றுநோய் உண்டாகக்கூடும் என்பதற்கு இது முதன்மையான சான்றுகளுள் ஒன்றாயிற்று. மனிதரில் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் தீநுண்மிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஷோப்பின் முயல் மருத் தீநுண்மி அவற்றை ஆராய்வதற்குரிய விலங்கு மாதிரியாகப் பயன்பட்டு வந்துள்ளது.

பிற ஆய்வுகள்

அமெரிக்க மாடுகளில் காணப்பட்ட "வெறி அரிப்பு" என்னும் நோயும் ஐரோப்பாவில் அறியப்பட்ட பொய் வெறிநோயும் ஒன்றே என்பதை ஷோப் 1931 இல் காட்டினார். மாடுகளைக் கொல்லும் இந்நோயைப் பன்றிகள் பெரிய அளவில் வெளித் தெரியாமல் சுமந்து பரப்புகின்றன என்பதையும் கண்டறிந்தார். 1955 இல் நியூ ஜெர்சியில் மான்கள் கூட்டமாக இறந்தபோது, அதன் காரணி ஒரு தீநுண்மி என்பதை நிறுவியவரும் இவரே.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது எதிரிகள் மாடுகளிடையே வெக்கை நோயைப் பரப்பக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அமெரிக்காவும் கனடாவும் இணைந்து கியூபெக்கில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே உள்ள குரோஸ் தீவில் ஓர் ஆய்வகத்தை அமைத்தன. முன்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளைத் தனிமைப்படுத்தி வைத்த தீவு அது. ஆய்வகத்தின் பொறுப்பு ஷோப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கோழிமுட்டைக் கருவில் தீநுண்மியை மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்து, வெக்கை நோய்க்கு எதிரான தடுப்பு மருந்தை இவரது குழுவினர் உருவாக்கினர். வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது.

போரின் இறுதிக் கட்டத்தில் ஷோப் பசிபிக் பெருங்கடலின் குவாம் தீவில் இயங்கிய கடற்படை மருத்துவ ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். அங்கே தம் மனைவி எலனின் நிழற்பட உறையில் வளர்ந்த பூஞ்சையைப் பாதுகாத்துக் கொண்டு வந்தார். அதிலிருந்து சில தீநுண்மிகளைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1953 இல் அதற்கு எலனின் என்று மனைவியின் பெயரை இட்டார். அது எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறியும் முன்பே இவர் காலமானார். பூஞ்சையைத் தாக்கும் ஒரு தீநுண்மியின் இரட்டை இழை ஆர்.என்.ஏ. அதில் உள்ளது என்றும், அது உடலில் இன்டர்ஃபெரான் சுரப்பைத் தூண்டுகிறது என்றும் 1960களின் பிற்பகுதியில் தெரியவந்தது.

பிற்காலமும் குடும்பமும்

ராக்கஃபெல்லர் கழகம் பிரின்ஸ்டன் பிரிவை மூட முடிவு செய்ததால், ஷோப் 1949 இல் மெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1952 இல் ராக்கஃபெல்லர் கழகத்துக்கே திரும்பி, இறுதி வரை நியூயார்க்கில் பணியாற்றினார். 1940 இல் தேசிய அறிவியல் கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957 இல் லாஸ்கர் விருது பெற்றார். கணையப் புற்றுநோயால் 1966 அக்டோபர் 2 அன்று மறைந்தார். புற்றுநோயை உண்டாக்கும் தீநுண்மிகள் பற்றிய பணிக்காகப் பெய்ட்டன் ரூசுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது அதே மாதத்தில்தான்.

இவரது மகன் இராபர்ட் ஷோப் (1929–2004) கொசு, உண்ணி முதலியவற்றால் பரவும் தீநுண்மிகளை ஆராய்ந்த புகழ்பெற்ற அறிஞர் ஆவார். புதிதாகத் தோன்றும் தொற்றுநோய்களின் ஆபத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவக் கழகம் 1992 இல் வெளியிட்ட அறிக்கையை உருவாக்கிய குழுவுக்கு, யோசுவா லெடர்பெர்குடன் இணைந்து அவர் தலைமை வகித்தார்.

தாக்கம்

ஷோப் பிரித்தெடுத்த பன்றித் தீநுண்மியின் மரபு அவர் மறைவுக்குப் பின்னும் உலகைப் பாதித்தது. 2009 இல் உலகம் முழுவதும் பரவிய எச்1என்1 இன்ஃபுளுவென்சாவின் மரபணுக்களுள் சில, ஷோப் ஆராய்ந்த பன்றித் தீநுண்மியின் வழிவந்தவை. தமிழகத்தில் அது பன்றிக் காய்ச்சல் என்றே அறியப்பட்டது. அந்தப் பரவலில் முதியவர்களுள் பலர் ஓரளவு பாதுகாப்புப் பெற்றிருந்தனர்; இளையோரே அதிகம் தாக்கப்பட்டனர். முற்காலத் தீநுண்மியின் தடயம் முதியோரின் குருதியில் எஞ்சியிருப்பதை 1936 இல் ஷோப் கண்டது இங்கே நினைவுகூரத்தக்கது.

புதிய மூச்சு நோய் ஒன்று தோன்றும்போதெல்லாம் அதே வகை வினாக்கள் எழுகின்றன. 2003 இல் சார்ஸ் நோயின் காரணி ஒரு கொரோனா தீநுண்மியே என்பது குரங்குகளில் செய்த சோதனையால் உறுதி செய்யப்பட்டது. ஃபெரெட்டுகளும் பூனைகளும் அதன் தொற்றுக்கு உள்ளாவது அதே ஆண்டு தெரிந்தது. 2020 இல் கோவிட்-19 பரவியபோது வெள்ளெலி, சிரிய ஆம்ஸ்டர், ஃபெரெட், குரங்கு ஆகியவற்றில் தடுப்பூசிகளும் மருந்துகளும் சோதிக்கப்பட்டன. சாதாரண எலிகளை அத்தீநுண்மியின் தொடக்க வகை தாக்காததால், மனித ஏற்பி உடைய எலிகள் பயன்படுத்தப்பட்டன.

எந்த விலங்கும் மனிதருக்கு முழு ஒப்பாவதில்லை. எலிக்கு நுரையீரல் அழற்சி வரும். ஆனால் அது மனிதரைப் போல் தும்மி நோயைப் பரப்புவதில்லை. ஃபெரெட் தும்மும்; ஆனால் அதைப் பராமரிப்பது கடினம். பறவை இன்ஃபுளுவென்சாவை ஃபெரெட்டுகளிடையே காற்றின் வழியே பரவும்படி மாற்றிய ஆய்வுகள் 2012 இல் பெரும் விவாதத்தை எழுப்பி, அத்தகைய ஆய்வுகள் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டன. ஷோப் தம் பன்றிகளை மனிதருக்குப் பதிலியாக மட்டும் கருதவில்லை. பன்றிகளுக்கு உரிய நோய் ஒன்றை அவற்றிலேயே ஆராய்ந்து, அதன் வழியே மனித நோயை நெருங்கினார். மனிதர், கால்நடை, காட்டு விலங்கு ஆகிய மூன்றின் நலத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்ற இன்றைய அணுகுமுறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.